கணப்படுப்புக்கு மேலேயா, பக்கத்திலேயா?

வாசகர் கேள்வி பதில்

கணப்படுப்பு உள்ள அறையில் தொலைக்காட்சியை எங்கே வைப்பது என்று கேட்டு வந்திருக்கும் கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறேன். முதல் கடிதத்தை எழுதிய வாசகி, அறையின் அளவுகளை ஒன்று விடாமல் குறித்து அனுப்பியிருப்பதால், அதற்குச் சற்று அதிகமாகவே இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் கூடம் 4.8 மீட்டர் நீளமும் 3.6 மீட்டர் அகலமும் உடையது. நீளச் சுவரின் நடுவில் விறகு எரிக்கும் கணப்படுப்பு இருக்கிறது. அதன் புகைபோக்கிச் சுவர் 1.5 மீட்டர் அகலத்தில், 40 சென்டிமீட்டர் அளவுக்கு அறைக்குள் துருத்திக்கொண்டு நிற்கிறது. அதற்கு இடப்புறம் வாசற்கதவு, வலப்புறம் 1.65 மீட்டர் அகலத்துக்கு வெற்றிடம். எதிர்ச்சுவரில் பெரிய ஜன்னல், அதையொட்டி சோபா. 55 அங்குலத் தொலைக்காட்சி ஒன்று வாங்கியிருக்கிறோம். கணப்படுப்பின் மேற்பலகைக்கு மேலே மாட்டினால்தான் கூடம் எடுப்பாக இருக்கும் என்கிறார் என் கணவர். அன்றாடம் அதிக நேரம் பார்ப்பவர் என் மாமியார். அவருக்கு ஏற்கெனவே கழுத்து வலி உண்டு. மேற்பலகை தரையிலிருந்து 1.35 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தாங்கள்தான் ஒரு முடிவு சொல்ல வேண்டும்.

பதில்: என் முடிவு உங்கள் மாமியாரின் கழுத்துக்குச் சாதகமானது. வலப்புற வெற்றிடமே தொலைக்காட்சிக்கு உரிய இடம். உங்கள் கணவரும் ஒப்புக்கொள்ளும்படி காரணங்களைச் சொல்ல வேண்டும் என்பதால், கணக்கையும் சேர்த்தே எழுதுகிறேன்.

இத்தகைய அறைகளில் பெரும்பாலானோர் சுவரைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். சுவரில் எது நடுவாக இருக்கிறதோ, எது வெறுமையாகத் தெரிகிறதோ, அங்கே திரை போய் உட்கார்ந்துகொள்கிறது. ஆனால் திரையின் இடத்தைத் தீர்மானிக்க வேண்டியது சுவர் அல்ல, இருக்கை. ஆகவே முதலில் சோபாவில் வழக்கம்போலச் சாய்ந்து அமர்ந்து, தரையிலிருந்து கண் வரை உள்ள உயரத்தை மற்றொருவரைக் கொண்டு அளந்துகொள்ளுங்கள். பெரும்பாலான சோபாக்களில் இது 1 மீட்டர் முதல் 1.1 மீட்டர் வரை இருக்கும், நாம் 1.05 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். திரையின் நடுப்பகுதி இந்தக் கண்மட்டத்துக்கு அருகில் இருந்தால் கழுத்துக்கு வேலையே இல்லை.

இப்போது மேற்பலகைக்கு மேலே மாட்டுவதாகக் கணக்கிட்டுப் பாருங்கள். 55 அங்குலத் திரையின் உயரம் ஏறத்தாழ 68 சென்டிமீட்டர். பலகைக்கும் திரைக்கும் நடுவே 12 சென்டிமீட்டர் இடைவெளி விட்டால், திரையின் அடி விளிம்பு 1.47 மீட்டரிலும், நடுப்பகுதி 1.81 மீட்டரிலும், மேல் விளிம்பு 2.15 மீட்டரிலும் வரும். அதாவது திரையின் அடி விளிம்பே உங்கள் கண்மட்டத்துக்கு 42 சென்டிமீட்டர் மேலே இருக்கும். புகைபோக்கிச் சுவரின் முகப்பிலிருந்து ஜன்னல் சுவர் வரை 3.2 மீட்டர்தான் இருக்கிறது. சோபாவில் அமர்பவரின் கண், சுவரிலிருந்து அரை மீட்டர் முன்னே இருக்கும் என்று கொண்டால், பார்க்கும் தூரம் 2.7 மீட்டர். அந்தத் தூரத்திலிருந்து திரையின் நடுவைப் பார்க்க ஏறத்தாழ 16 டிகிரியும், மேல் விளிம்பைப் பார்க்க 22 டிகிரியும் பார்வை மேலே எழ வேண்டும். வீட்டுக்குள் திரையரங்கு அமைத்துத் தருபவர்கள் பொதுவாகத் திரையின் நடுப்பகுதிக்கு 15 டிகிரியைத்தான் உச்ச வரம்பாக வைத்துக்கொள்கிறார்கள். உங்கள் கூடத்தில் அந்த வரம்பு தாண்டப்படுகிறது. அதுவும் கழுத்து வலி இல்லாதவருக்கான வரம்பு அது. திரையரங்கின் முதல் வரிசையில் அமர்ந்து படம் பார்ப்பதுபோல் ஒவ்வொரு நாள் மாலையும் அண்ணாந்தபடி இருப்பது, பத்து நிமிடச் செய்திக்குத் தெரியாது. இரண்டு மணி நேரத் தொடர்களுக்குத் தெரிந்துவிடும்.

கழுத்தோடு கண்ணும் சேர்ந்து பாதிக்கப்படுகிறது. மேலே பார்க்கும்போது இமைகள் அகலத் திறந்துகொள்வதால், கண்ணின் ஈரம் விரைவாக உலர்கிறது. குளிர்காலத்தில் அறைக்குள் சூடேற்றப்பட்ட காற்று ஏற்கெனவே வறண்டிருக்கும். கண் எரிச்சலுக்குத் திரையின் வெளிச்சத்தைக் குறை சொல்பவர்கள், அதன் உயரத்தையும் ஒருமுறை சந்தேகித்துப் பார்க்கலாம்.

உயரத்தை எப்படியாவது பொறுத்துக்கொள்கிறோம் என்றாலும் வெப்பம் இருக்கிறது. தொலைக்காட்சிகளின் கையேடுகளில் பெரும்பாலும் 0 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை உள்ள சூழலில் இயக்க வேண்டும் என்று அச்சிடப்பட்டிருக்கும். இங்கே சூழல் என்பது அறையின் சராசரி வெப்பம் அல்ல, பெட்டியைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்றின் வெப்பம். அறை 22 டிகிரியில் இதமாக இருக்கும்போதே, விறகு எரியும் அடுப்பின் வாய்க்கு நேர் மேலே உள்ள சுவர் அதைவிடப் பல டிகிரி கூடுதலாகச் சூடேறியிருக்கும். தொலைக்காட்சி தானும் சூட்டை உண்டாக்குகிறது. அதைப் பின்புறத் துளைகள் வழியே வெளியேற்ற, சுற்றிலும் குளிர்ந்த காற்று வேண்டும். கீழிருந்து சுடுகாற்று ஏறிவந்து அந்தத் துளைகளையே சூழ்ந்துகொண்டால், உள்ளே உள்ள சூடு எங்கே போகும்? மின்வழங்கிப் பலகையில் மின்சாரத்தைத் தேக்கித் தரும் எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கிகளுக்கு, வெப்பம் 10 டிகிரி கூடும்போது ஆயுள் ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பது மின்னணுத் துறையில் நெடுங்காலமாகக் கையாளப்படும் கணக்கு. ஓ.எல்.இ.டி. திரைகளில் ஒளி தரும் கரிமப் பொருளும் வெப்பத்தால் விரைவாகத் தேய்கிறது. இந்தச் சேதம் எதுவும் ஒரே நாளில் தெரியாது. உத்தரவாதக் காலம் முடிந்த பிறகு திரை அணைவதும், அது கணப்படுப்பின் வேலை என்று யாரும் நினைத்துப் பார்க்காததும் இதனால்தான்.

உங்கள் கணவர் இதை ஏற்கவில்லை என்றால், விவாதத்தை வெப்பமானியிடம் விட்டுவிடுங்கள். திரையின் அடி விளிம்பு வரவேண்டிய உயரத்தில், அதாவது மேற்பலகைக்கு 12 சென்டிமீட்டர் மேலே, சாதாரண அறை வெப்பமானி ஒன்றைச் சுவரில் ஒட்டி வையுங்கள். வழக்கமாக எரிப்பதுபோலவே விறகை அடுக்கி இரண்டு மூன்று மணி நேரம் எரியவிடுங்கள். பற்றவைத்த அரை மணியில் பார்த்துவிட்டுத் திருப்தியடைந்துவிடக் கூடாது. செங்கல் மெதுவாகத்தான் சூடேறும், நெருப்பு தணிந்த பிறகும் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். அளவு 40-ஐ நெருங்கினாலே அந்த இடத்தை மறந்துவிடலாம். நெருங்காவிட்டாலும் புகைக்கரி இருக்கிறது: அடுப்புக்கு மேலே சுவர் சற்றுக் கறுத்திருந்தாலோ, விரலால் தடவினால் கரி ஒட்டினாலோ, அதே கரி திரையின் காற்றுத் துளைகளுக்குள்ளும் போகும்.

இனி வலப்புறம் வருவோம். 55 அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 1.23 மீட்டர், உங்கள் வெற்றிடம் 1.65 மீட்டர். இரு பக்கமும் சுமார் 20 சென்டிமீட்டர் மிஞ்சுகிறது. விற்பனையாளர் யாராவது 65 அங்குலத்துக்கு மாறச் சொன்னால் வேண்டாம். அதன் அகலம் 1.44 மீட்டர், வைத்தால் நெருக்கியடிக்கும். நீட்டித் திருப்பக்கூடிய கைகொண்ட பிராக்கெட்டைப் பொருத்தி, திரையின் முகம் புகைபோக்கிச் சுவரின் முகப்போடு ஒட்டி வரும்வரை முன்னே இழுத்து, சோபாவை நோக்கி 20 டிகிரி அளவுக்குத் திருப்புங்கள். அடி விளிம்பு தரையிலிருந்து 70 சென்டிமீட்டரில் இருந்தால், நடுப்பகுதி கண்மட்டத்துக்குச் சரியாக வந்துவிடும். கீழே ஒரு தாழ்வான அலமாரிக்கும் இடம் கிடைக்கும்.

அப்படியே விட்டால் சோபாவின் நடுவில் அமர்பவர் 30 டிகிரி பக்கவாட்டில் பார்க்க வேண்டியிருக்கும். அதனால் சோபாவையும் வலப்புறமாக 60 சென்டிமீட்டர் நகர்த்துங்கள். கோணம் 20 டிகிரியாகக் குறைகிறது, திரும்பிய திரை நேருக்கு நேர் வந்துவிடுகிறது, நெருப்போ இடப்பக்கம் வெறும் 12 டிகிரி தள்ளித் தெரிகிறது. பார்க்கும் தூரம் 2.9 மீட்டர்; 55 அங்குலத்துக்கு இது சற்றுத் தாராளமே தவிர மிகையல்ல. சோபாவின் இடக்கோடியில் இருப்பவருக்கும் புகைபோக்கிச் சுவரின் முனை திரையை மறைக்காது. வாசற்கதவின் பக்கம் நடமாட இடம் கூடுவது எதிர்பாராத ஆதாயம்.

திறந்த அடுப்பின் வெம்மை பெரும்பாலும் முன்னோக்கியே வீசுவதால், பக்கவாட்டில் உள்ளடங்கியிருக்கும் திரைக்கு நேரடிச் சூடு படாது. ஆனால் உங்களுடையது அறைக்குள் முன்தள்ளி நிற்கும் இரும்பு அடுப்பாக இருந்தால், அது பக்கங்களிலும் வெப்பத்தை வீசும். அப்போது இங்கேயும் அதே வெப்பமானிச் சோதனையைச் செய்ய வேண்டும்.

மிஞ்சுவது ஜன்னல். சோபாவுக்குப் பின்னே ஜன்னல் இருக்கும் அறையில், கணப்படுப்புச் சுவரில் எங்கே வைத்தாலும் பகலில் திரையில் ஜன்னல்தான் தெரியும். கனமான திரைச்சீலை ஒன்றே தீர்வு.

அறை எடுப்பாக இருக்க வேண்டும் என்ற உங்கள் கணவரின் ஆசையையும் நான் ஒதுக்கிவிடவில்லை. திரை பக்கத்துக்குப் போய்விட்டால் மேற்பலகைக்கு மேலே உள்ள சுவர் அவருக்கே உரியது. வெப்பத்துக்கு அஞ்சாத ஓர் உலோகச் சட்டமிட்ட கண்ணாடியை அங்கே மாட்டட்டும். கணப்படுப்புக்கு மேலே தொலைக்காட்சியும் கீழே கொழுந்துவிட்டு எரியும் நெருப்புமாக அறைக்கலன் விளம்பரங்களில் வரும் படங்கள் அழகானவைதான். அவற்றை எடுத்த புகைப்படக்காரர் நின்றுகொண்டு எடுத்தார் என்பதையும், எடுத்து முடித்ததும் கிளம்பிவிட்டார் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: எங்கள் வீட்டில் இருப்பது மின்சாரக் கணப்படுப்பு. உண்மையான நெருப்பே இல்லாதபோது மேலே தொலைக்காட்சியை மாட்டுவதில் என்ன தடை? நண்பர் வீட்டில் எரிவாயு அடுப்புக்கு மேலேயே மாட்டியிருக்கிறார்கள்.

பதில்: மின்சார அடுப்பில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, சுடுகாற்று எந்த வழியாக வெளிவருகிறது என்பதுதான். சில வகைகளில் காற்றுவாய் கண்ணாடிக்குக் கீழே இருக்கும். அவை சூட்டை முன்னோக்கித் தள்ளிவிடும். சிலவற்றில் மேல் விளிம்பில் இருக்கும். அந்தக் காற்று நேராக மேலே ஏறித் திரையின் அடியைத் தாக்கும். கையை வைத்துப் பார்த்தாலே வேறுபாடு தெரியும். முன்புறமாகக் காற்றை விடும் வகையாக இருந்து, வெப்பமானியும் ஒப்புதல் தந்தால், மேலே மாட்டுவதற்கு வெப்பம் ஒரு தடையாகாது. பெரும்பாலான மின்சார அடுப்புகளில் சூட்டை நிறுத்திவிட்டுச் சுடரின் காட்சியை மட்டும் ஓடவிடும் வசதியும் உண்டு. உயரம் பற்றி மேலே சொன்னது மட்டும் உங்களுக்கும் அப்படியே பொருந்தும். ஆனால் உங்களுக்கு ஒரு சலுகை இருக்கிறது: புகைபோக்கி தேவையில்லாத அடுப்பை எவ்வளவு தாழ்வாகவும் வைக்கலாம், மேற்பலகையே இல்லாமலும் அமைக்கலாம். தரையோடு ஒட்டிய நீளமான அடுப்பைத் தேர்ந்தெடுத்தவர்களுக்குத் திரையும் கண்மட்டத்துக்கு அருகில் இறங்கி வந்துவிடும்.

இன்னொன்று. இந்த அடுப்புகள் முழுச் சூட்டில் 1500 முதல் 2000 வாட் வரை மின்சாரம் எடுப்பவை. தொலைக்காட்சி, ஒலிபெருக்கி, அடுப்பு மூன்றையும் ஒரே நீட்டிப்புப் பலகையில் செருகுவதை ஒருநாளும் செய்யக் கூடாது. அடுப்புக்குச் சுவரில் தனி இணைப்பு இருக்க வேண்டும்.

நண்பர் வீட்டு எரிவாயு அடுப்பைப் பொறுத்தவரை, மூடிய கண்ணாடிக்குப் பின்னே எரிந்து, புகையைக் குழாய் வழியே நேராக வெளியேற்றும் வகையாக இருந்தாலும் சூடு குறைவு என்று எண்ணிவிட வேண்டாம். அந்தக் கண்ணாடியும் அதன் மேற்பகுதியும் கடுமையாகச் சூடேறும். அவற்றுடன் வரும் பொருத்துதல் கையேட்டில், எரியக்கூடிய பொருட்கள் எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும், மேற்பலகை எவ்வளவு நீட்டிக்கொண்டிருந்தால் எவ்வளவு உயரத்தில் அமைய வேண்டும் என்று வரைபடத்துடன் தரப்பட்டிருக்கும். சில தயாரிப்புகளில் சூட்டைத் திசை திருப்பி வேறிடத்தில் வெளிவிடும் அமைப்பும் உண்டு. நண்பர் அத்தகைய அடுப்பைப் பார்த்து வாங்கியிருந்தால் அவர் செய்தது சரிதான். புகைக்குழாயே இல்லாமல் எத்தனால் எரிக்கும் அடுப்புக்கு மேலே மட்டும் எக்காரணத்தாலும் மாட்ட வேண்டாம். அதன் சூடு முழுவதும், எரிதலில் உண்டாகும் நீராவியும் சேர்ந்து, அறைக்குள்ளேதான் ஏறும்.

கேள்வி: தொலைக்காட்சி ஏற்கெனவே கணப்படுப்புக்கு மேலே மாட்டப்பட்ட நிலையில்தான் இந்த வீட்டுக்குக் குடிவந்தோம். வேறு சுவரே இல்லை. இருப்பதைக் கொண்டு சமாளிக்க வழி உண்டா?

பதில்: உண்டு. திரையை முன்புறமாகச் சற்றுச் சாய்க்கலாம் என்பதுதான் எல்லோரும் முதலில் சொல்லும் யோசனை. அது படத்தைத் திருத்துமே தவிர, கழுத்தைத் திருத்தாது. வி.ஏ. வகை எல்.சி.டி. திரைகளைக் கீழிருந்து பார்த்தால் கறுப்பு வெளுத்துவிடும், நிறங்கள் மங்கிவிடும், ஐ.பி.எஸ். வகை எல்.சி.டி. திரைகளிலும் ஓ.எல்.இ.டி. திரைகளிலும் இந்தக் குறை மிகக் குறைவு. முன்னது உங்களிடம் இருந்தால் சாய்ப்பதால் பயன் உண்டு. ஆயினும் அண்ணாந்து பார்ப்பது அண்ணாந்து பார்ப்பதுதான்.

கழுத்துக்கு உதவுவது இரண்டே வழிகள். ஒன்று, இருக்கையைப் பின்னே தள்ளுவது. திரையின் நடு கண்மட்டத்துக்கு 75 சென்டிமீட்டர் மேலே இருந்தால், 2.5 மீட்டரில் 17 டிகிரியாக இருக்கும் கோணம் 3.5 மீட்டரில் 12 டிகிரியாக இறங்கிவிடும். இடம் இல்லையென்றால் முதுகு நன்றாகச் சாயும் இருக்கையாக மாற்றுங்கள். உடம்பே பின்னால் சாயும்போது, தலையை மட்டும் பின்னுக்கு வளைக்க வேண்டிய தேவை குறைகிறது. ஆனால் தலைக்குப் பின்னே அணை இருக்க வேண்டும். சாய்ந்த உடம்பில் தாங்குதல் இல்லாத தலை, நிமிர்ந்திருந்ததைவிட அதிகமாகவே வலிக்கும்.

மற்றொன்று, பார்க்கும்போது மட்டும் திரையை முன்னே இழுத்துக் கீழே இறக்கவும், பிறகு மேலே ஏற்றிவிடவும் உதவும் பிராக்கெட். இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் இறக்கிய திரை அடுப்பின் வாய்க்கு முன்பாகவே வந்து நிற்கும் என்பதால், நெருப்பு எரியும்போது அதைத் தொடவே கூடாது. குளிர்காலத்தில் எரிப்பதும் பார்ப்பதும் ஒரே நேரத்தில் நடக்கும் வீட்டுக்கு இது பொருந்தாது. வாங்குமுன் திரையின் எடையையும், பிராக்கெட்டைத் திருகுவதற்காகப் பின்புறத்தில் உள்ள வெசா துளைகளின் இடைவெளியையும், 300-க்கு 300 மில்லிமீட்டரா 400-க்கு 400 மில்லிமீட்டரா என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

வெப்பத்துக்கு மேற்பலகையே ஓரளவு காவல். அடுப்பின் வாயிலிருந்து ஏறும் சுடுகாற்றை அது முன்னே தள்ளிவிடுகிறது. ஒடுங்கிய பலகையைவிட 20 சென்டிமீட்டர் ஆழமுள்ள பலகை இந்த வேலையை நன்றாகச் செய்யும். திரையைச் சுவரின் குழிக்குள் புதைத்திருந்தால், குழியின் மேற்புறம் காற்று வெளியேற வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: கணப்படுப்புக்கு நேர் எதிர்ச்சுவரில் வைத்தால் என்ன? இரண்டுக்கும் நடுவே இருக்கைகள் இருந்தால் போதாதா?

பதில்: பெரிய அறைக்கு இது பொருந்தும், சிறிய அறைக்குப் பொருந்தாது. வெப்பம், உயரம், சுவரில் துளையிடுவது ஆகிய மூன்று தொல்லைகளும் ஒரே அடியில் ஒழிந்துவிடுகின்றன. அதற்காகவே இந்த ஏற்பாட்டில் எனக்கு விருப்பம் உண்டு. ஆனால் நிலையான சோபா ஒன்றைப் போட்டுவிட்டால், அதில் அமர்பவர் எப்போதும் ஒன்றுக்கு முதுகு காட்டியே இருக்க வேண்டும். சுழலும் தனி நாற்காலிகள் சில போட்டாலோ, இரண்டு சுவர்களுக்கும் செங்குத்தாக எதிரெதிரே இரு சோபாக்கள் போட்டாலோ இது சரியாகும்.

எரியும் நெருப்பு திரையில் பிரதிபலிப்பதைத்தான் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. நிலையாக நிற்கும் விளக்கின் பிரதிபலிப்பைக் கண் சிறிது நேரத்தில் மறந்துவிடும். அசைந்துகொண்டே இருக்கும் சுடரை மறக்காது. இருண்ட காட்சிகள் வரும்போது கதாநாயகனின் நெஞ்சில் நெருப்பு ஆடிக்கொண்டிருக்கும். திரையைச் சில டிகிரி பக்கவாட்டில் திருப்பி வைத்தால் பிரதிபலிப்பு இருக்கைகளை விட்டு விலகும். முடிவு செய்வதற்கு முன், திரையின் அளவுக்கு ஒரு கண்ணாடியை அந்த இடத்தில் நிறுத்தி, மாலையில் நெருப்பு மூட்டிவிட்டு எல்லா இருக்கைகளிலும் அமர்ந்து பாருங்கள். கண்ணாடியில் எது தெரிகிறதோ அதுதான் நாளைக்குத் திரையிலும் தெரியும்.

கேள்வி: எங்கள் கணப்படுப்பை எரித்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. அந்தக் குழிக்குள்ளேயே தொலைக்காட்சியை வைத்துவிடலாமா?

பதில்: வைக்கலாம் என்றாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன். திறந்த அடுப்பின் வாய் பெரும்பாலும் ஒரு மீட்டர் அகலத்துக்கும் 75 சென்டிமீட்டர் உயரத்துக்கும் உட்பட்டே இருக்கும். அதற்குள் 40 அங்குலத் திரைகூட நெருக்கியடித்துத்தான் நுழையும். நடுப்பகுதியும் தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் வந்துவிடும். பழைய புகைபோக்கியிலிருந்து கரியும், மழைக்காலத்தில் ஈரமும் இறங்கிக்கொண்டே இருக்கும். இவற்றைத் தடுக்கப் புகைபோக்கியை முற்றிலும் அடைத்துவிட்டால், உள்ளே காற்றோட்டம் நின்று சுவர் ஊறிப்போகும். மேலே மழை புகாத மூடியும், கீழே சிறு காற்றுவழியும் விட்டே அடைக்க வேண்டும். இவ்வளவு வேலையைச் செய்வதற்குப் பதிலாக, அந்தக் குழியில் டிகோடரையும் வீடியோ விளையாட்டுப் பெட்டியையும் அடுக்கிவிட்டு, எரிக்காத அடுப்புதானே என்ற துணிவுடன் திரையை அதன் பக்கத்திலோ, மேற்பலகை தாழ்வாக இருந்தால் அதன் மேலேயோ வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வீட்டுக்கு வருபவர் யாரும் அறியாமல் நெருப்பு மூட்டிவிடாதபடி, அடைத்த செய்தியை அடுப்பின் உட்புறத்திலேயே எழுதி ஒட்டி வைப்பது அவசியம்.

கேள்வி: மேலே மாட்டுவது என்று முடிவு செய்துவிட்டோம், வெப்பமும் சோதித்துவிட்டோம். கம்பிகள் வெளியே தெரியாமல் இருக்கப் புகைபோக்கியின் உள்ளே இறக்கிக் கொண்டுவரலாம் என்கிறார் வேலைக்கு வந்தவர். செய்யலாமா?

பதில்: கூடவே கூடாது. எரிகின்ற அடுப்பின் புகைவழியில் கம்பி எதுவும் போகக் கூடாது. உறை உருகும், தீப்பிடிக்கும். அதைவிடவும் பெரிய ஆபத்து, கம்பிக்காகப் போடும் துளையே. புகைவழியின் சுவரில் விழும் ஒரு துளை வழியாகக் கார்பன் மோனாக்சைடு அறைக்குள் கசியலாம்; அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பிராக்கெட்டுக்காகத் துளையிடும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும். புகைபோக்கிச் சுவரின் எந்தப் பகுதிக்குப் பின்னே புகைவழி செல்கிறது, செங்கல் எவ்வளவு தடிமன் என்பதைப் புகைபோக்கி வேலை தெரிந்தவரைக் கொண்டு உறுதி செய்துகொண்ட பிறகே துளைக்க வேண்டும். அலங்காரக் கல் ஒட்டிய சுவராக இருந்தால், திருகு அந்த ஒட்டுக்கல்லில் மட்டும் நில்லாமல் உள்ளே உள்ள செங்கல்லைப் பிடித்திருக்க வேண்டும். பிளாஸ்டிக் செருகிகள் சூட்டில் இளகக்கூடியவை, உலோக நங்கூரங்களையே பயன்படுத்தச் சொல்லுங்கள்.

கம்பிகளைச் சுவரின் மேற்பரப்பிலேயே, வண்ணம் பூசக்கூடிய தட்டையான மூடுகுழாயில் பக்கவாட்டாகக் கொண்டுபோய், புகைபோக்கிச் சுவரின் மூலையில் கீழே இறக்கிவிடலாம். இரண்டடி தள்ளி நின்றால் கண்ணுக்குத் தெரியாது. சுற்றிப் போவதால், படத்தையும் ஒலியையும் கொண்டுவரும் எச்.டி.எம்.ஐ. கம்பியின் நீளம் கூடும். 5 மீட்டரைத் தாண்டினால் சாதாரணச் செம்புக் கம்பியில் 4கே படம் விட்டுவிட்டு வரக்கூடும் என்பதால், ஒளியிழை கலந்த கம்பியை வாங்கிக்கொள்ளுங்கள். மின்சாரத்துக்குத் திரையின் பின்னாலேயே ஓர் இணைப்புப் பெட்டியை உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு அமைப்பதே முறை. தொலைக்காட்சியோடு வரும் சாதாரண மின்கம்பியைச் சுவருக்குள் புதைப்பதைப் பல நாடுகளின் மின்விதிகள் அனுமதிப்பதில்லை.